ஆறாம் நாள் ஜலதோஷம்

"என் இடத்துல ஏழு நாள் முகம் சுளிக்காம வேலை பாருங்க. அப்புறம் என் பொண்ணு அக்தர் பானுவைக் கட்டிக் குடுக்கிறேன்" என்று சர்தார் பாஷா சாயபு சொல்லியிருந்தார். வாலாஜாபேட்டை ஜவுளிக்காரர் மகன் நயீம் அகமது ஆறு நாள் தும்மிக்கொண்டே தாக்குப்பிடித்துவிட்டான்.

சாயபுவுக்கு மனம் இளகியது. மெஸ்மெரிசம் தெரிந்த தானியேல் வாத்தியாரை வேலை இடத்துக்கே வரவழைத்தார்.

"வேணாம் மாமா. ஜலதோஷம் தானா போய்டும்."

"பயப்படாதீங்க தம்பி. ஊசி கெடையாது, கஷாயம் கெடையாது" என்றார் வாத்தியார். "என் விரலையே பாருங்க. கண்ணு சொக்குது. மூக்கு திறக்குது. மூச்சு தாராளமாப் போகுது."

நயீம் கண் விழித்தான். ஒரு மூச்சு இழுத்தான். ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

வெளியே சுண்ணாம்புத் தொட்டிகளில் நானூறு ஆட்டுத்தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சிடுங்க மாமா. இந்த நாத்தம் எனக்கு ஆறு நாளாத் தெரியவே இல்லை. ஜலதோஷம்தான் காப்பாத்திச்சு. கல்யாணம் அவ்ளோதானா?"

சாயபு கதவைச் சாத்தினார். தன் மூக்கிலிருந்து அத்தர் தோய்த்த பஞ்சு உருண்டை இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என் மாமனார் இங்கேயே என்னைச் சோதிச்ச அன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கம். இருபது வருஷமாச்சு. ஜலதோஷத்தை நம்பாதீங்க மாப்பிள்ளை, அது வரும், போய்டும். நல்ல அத்தரா வாங்கி வெச்சிக்குங்க."