பக்கத்து மேஜைக்காரி

பச்சைப் புடவைக்காரி சொன்ன சொல் தவறவில்லை. சீன ஓட்டலுக்குள் வந்ததும், தெரிந்தவள் மாதிரி ஒரு சிரிப்புகூடச் சிரிக்காமல், பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்து ஒரு டீ மட்டும் சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முந்தின நாள் போனில் அவளிடம் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சியிருந்தார்.

“என் பொண்ணு முன்னாடி நாம தெரிஞ்சவங்கன்னு காட்டிக்கவே வேணாங்க. அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

“சரி, தனியாவே உட்கார்றேன். ஆனா நீங்க என் கண்ணு முன்னாலதான் இருக்கணும்.”

அந்தக் கண்தான் இப்போது முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பெண்ணுக்கு அப்பனான மனுஷனுக்கு இந்த நிலைமை தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதிலை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

எட்டு வயது வாண்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் தள்ளுவண்டியை மேஜை மேஜையாக உருட்டி வர, கைகாட்டியதெல்லாம் மேஜைக்கு வந்தது. அவளுக்கு அதுவே திருவிழாவாக இருந்தது.

“கூடைக்கு அடியில ஏம்ப்பா ஓட்டை?”

“ஆவி உள்ள வர்றதுக்கு.”

“இந்த டம்ப்ளிங் கொழுக்கட்டைக்குக் கதவே இல்லையே, இறால் எப்படி உள்ள போச்சு?”

“அது உள்ள போனப்புறம்தான் கதவைச் சாத்தினாங்க.”

“டீயில ஏன் பால் இல்ல?”

“மாட்டுக்கு இன்னிக்கு லீவாம். சாப்பிடுடா.”

கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அப்படிப்பட்டவள், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த பச்சைப் புடவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டார்.

டீ ஜாடியின் மூடியைச் சரித்து வைத்தால் வெந்நீர் ஊற்ற ஆள் வரும், அது அந்த ஓட்டல் பழக்கம். அவர் மூடியைச் சரித்துக்கொண்டே இருந்தார். கூடைகளையும் மொத்தமாக வாங்காமல் ஒன்று தீர்ந்தபின் ஒன்றாக வாங்கினார். இந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீளவும் வேண்டும், வம்பு தும்பு இல்லாமல் முடியவும் வேண்டும். இன்றைக்கு ஏதாவது ஏடாகூடமானால் மகளோடு இப்படி உட்கார்ந்து சாப்பிடுவது இதுவே கடைசியாகிவிடும்.

“வீட்டுக்குப் போனதும் என்னென்ன நடந்துச்சுன்னு அம்மா கேப்பாங்களே?”

“சாப்பிட்டோம்னு சொல்லு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்டா.” சொல்லும்போதே அவருடைய ஓரக்கண் பக்கத்து மேஜைக்குப் போய்த் திரும்பியது.

வாண்டு குச்சியால்தான் சாப்பிடுவேன் என்று ஒரே அடம். வழுக்கி வழுக்கி விளையாட்டுக் காட்டிய டம்ப்ளிங் கடைசியில் சோயா சாஸ் கிண்ணத்தில் பொத்தென்று விழுந்தது. இன்றைக்கென்றே அவர் இஸ்திரி போட்டு உடுத்தி வந்த வெள்ளைச் சட்டை, நெஞ்சிலிருந்து வயிறு வரை கறுப்பு.

“அறிவிருக்கா உனக்கு?”

வார்த்தை வந்த வேகத்தில் கையும் மேலே போயிருந்தது.

வாண்டு அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக் குனிந்துகொண்டாள். பக்கத்து மேஜையில் நாற்காலி கிறீச்சிட்டது. பச்சைப் புடவைக்காரி பாதி எழுந்துவிட்டிருந்தாள்.

மேலே போன கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? மெக்கானிக் அதைத் தள்ளுவண்டி அம்மாளைப் பார்த்து ஆட்டினார். அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சிரித்த முகமாக வண்டியை உருட்டிக்கொண்டு வந்து இன்னொரு கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

“அப்பா வண்டியத்தான்டா கூப்பிட்டேன். கையை எடு செல்லம்.”

“சாரிப்பா. சாரிப்பா.”

“சட்டைதானே, போனா போகுது. நீ சாப்பிடு.”

அந்தக் கூடையை இரண்டு பேருமே தொடவில்லை. பக்கத்து மேஜை பார்த்துவிட்டதே என்ற அவமானம் ஒரு பக்கம். அதைவிட, மகள் அத்தனை சட்டென்று தலையைப் பொத்திக்கொண்டாளே, அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. பெற்ற பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைப் புடவைக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது.

“கிளம்பலாமாடா? அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க.”

வாண்டு நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. நேரே பக்கத்து மேஜைக்குப் போய்ப் பச்சைப் புடவையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

குனிந்தவளின் காதில் வாண்டு ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் ஓட்டலுக்கே கேட்டது.

“அப்பா இன்னிக்கு என்னை அடிக்கவே இல்ல ஆன்ட்டி, கோர்ட்ல சொல்லிடுங்க!”