மேற்கு பார்த்த விளக்கு

மேடை விளக்குகளைக் கம்பத்தில் ஏற்றிய கிரேன் திரும்பிப் போகும்முன் அவற்றின் முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிவிடுவது தொம்மையின் வழக்கம். இல்லையென்றால் முன்னால் செருகிய கலர் தாள் வெயிலில் வெளுத்துவிடும். இந்த முறை நீல விளக்கை மறந்துவிட்டான். ஏணி எட்டாது. கிரேன் இனி நாடகம் முடிந்துதான் வரும். உயரமான கம்பத்திலிருந்து விளக்கு மேற்கு வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தாள் தினமும் கொஞ்சம் வெளிறியது.

"நீலம் போயிட்டா நான் எந்தக் கடல்ல முங்கிச் சாவேன், அண்ணே?" கடைசிக் காட்சியின் ஒத்திகைக்கு மேடையேறிய பிலோமி கேட்டாள்.

அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, விளக்கை மறைப்பதுபோல் கையை உயர்த்தினாள். கையின் நிழல் மணலில் நீண்டு கம்பத்தின் அடியைத் தொட்டது.

"இன்னுங் கொஞ்சம் தூக்கு" என்றான் தொம்மை.