எட்டு நிற ரிப்பன்கள்

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்கு வந்து குடியேறிய எங்கள் மூதாதை ஒபடையாவுக்கு ஒன்பது பிள்ளைகள். ஆகஸ்டில் வம்சம் கூடும்போது, அவரவர் எந்தப் பிள்ளை வழியோ அந்தப் பிள்ளைக்குரிய நிற ரிப்பனை டோர்கஸ் அத்தை சட்டையில் குத்திவிடுவாள்.

இந்த வருடம் எங்கள் குடும்ப மூக்கோடு ஒரு கிழவர் வந்தார்.

"எந்தப் பிள்ளை வழி?"

"எல்லாம் என் பிள்ளைங்கதாம்மா."

"ஜோக்கெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம், பெரியவரே. எட்டு நிறம் இருக்கு, ஒண்ணு சொல்லுங்க."

"ஒம்போதாச்சே?"

"ஹெப்சிபா ஆறு வயசுலயே போயிட்டா. அவளுக்கு ஏது வம்சம்?"

கிழவர் எட்டு நிறங்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அவ தனியா நிப்பாளே. அவ ரிப்பனையே குடு."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே தன் தொப்பியின் வெள்ளை நாடாவில் ஒரு துண்டு வெட்டிக் குத்தினாள்.

குழுப்படத்தில் நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டுகிறோம். கிழவரைக் காணோம். ஓரத்துக் காலியிடத்தில் இரண்டு வெள்ளைத் துண்டுகள் அந்தரத்தில் இருக்கின்றன. ஒன்று நெஞ்சுயரத்தில், மற்றது இடுப்புயரத்தில்.