மணிமாறனுக்கு வந்த காலேஜ் சீட்டு

நந்தகுமாரு, வயசு இருபத்திமூணு, இருக்கறது சென்னைல ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல. புதுச்சத்திரத்துல இருக்கற அக்கா தீபிகாவுக்கு போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புனான்.

"தம்பி மணிமாறனை ஃபுட்பால் கோட்டாவுல சேக்காதீங்க்கா."

பதிலு உடனே வந்துச்சு. "ஏன்டா? அதுல சேந்துதான இன்னைக்கி நீ சம்பளம் வாங்குற! காலேஜ் நோட்டீசுலயே உன்ற போட்டோதான்!"

"என்கூடச் சேந்த இருபது பேருல, ஃபுட்பாலால சம்பளம் வாங்குறது நான் ஒருத்தன்தாங்க்கா."

"அப்பறமென்ன? தம்பி உன்னய மிஞ்சிருவான்னு பயமா?"

நந்தகுமாரு ரூம் கதவைச் சாத்திட்டு மறுபடி பேசுனான்.

"ஆடறதுக்குச் சம்பளம் இல்லீங்க்கா. ஊரூராப் போயி காலேஜுக்குப் பசங்களைப் புடிச்சுக் குடுக்கறதுக்கு. ஞாயித்துக்கெழமை கோச்சோட நம்மூட்டுக்கு வாரதும் நான்தான். அவரு முன்னால காலேஜைப் புகழ்ந்துதான் பேசுவேன். நான் எவ்வளவு கெஞ்சுனாலும், அப்பாவைக் கையெழுத்துப் போட உட்றாதீங்க."