துணைக்கு ஒரு சின்ன கேமரா

கழுத்தில் பெரிய கேமராவோடு வந்தவரைப் பார்த்ததும் கேமரா கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"ஊர் சுத்தப் போறப்ப இதுக்குத் துணையா, சட்டைப் பையில அடங்கற மாதிரி சின்ன கேமரா ஒண்ணு வேணும்."

கடைக்காரர் நான்கை எடுத்து வைத்தார். வந்தவர் எதிலும் படம் எடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். இருப்பதிலேயே எடை குறைந்ததை நீட்டினார்.

"இதுல தூரத்துப் பறவையெல்லாம் சரியா விழாதுங்க."

"பரவாயில்ல."

"உங்களை மாதிரி அனுபவசாலி இப்படிச் சொல்லலாமா சார்? எத்தனை வருஷமா எடுக்கறீங்க?"

"எடுக்கறது என் சம்சாரம். நான் தூக்கறவன்." அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "சின்னது பழகிட்டா பெரிசை வீட்லயே விட்டுடுவா. அந்த நப்பாசைதான்."

அதற்குள் பக்கத்துச் செருப்புக் கடையிலிருந்து மனைவியே வந்துவிட்டாள். சின்ன கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு முகம் மலர்ந்தது.

"நல்லதாத்தான் பார்த்திருக்கீங்க. கிட்ட இருக்கறதையெல்லாம் இதுலயே எடுத்துக்கலாம். இனிமே பெரிசுல தூரத்து லென்ஸை மாட்டியே வெச்சிடலாம்."

கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு லென்ஸைக் காட்டினாள்.

கடைக்காரர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.