நீலத் துவாய்

எட்டு.

மாவட்ட நிலை என்ற இடத்தில் எட்டு என்றுதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். எட்டு அசையவில்லை.

காலையிலிருந்து கைத்தொலைபேசியை மேசையில் மைத்தட்டோடு சாய்த்து வைத்து நானும் மனைவி எடித்தும் மகள் அன்ரோனெற்றும் அவளுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் காவல் இருந்தோம். என்னைத் தேடி வாசலுக்கு வந்த இரண்டு பேரை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

உயிரியலில் பி. பௌதிகவியலில் பி. இரசாயனவியலில் ஏ. அதற்குக் கீழே இசட் புள்ளி. அந்தக் கணக்கு முழுதாக விளங்கிய மனிதர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. மாவட்ட நிலை மட்டும் எல்லோருக்கும் விளங்கும். போன வருடம் மன்னாரிலிருந்து மருத்துவபீடத்துக்கு எடுபட்டவர்கள் ஏழு பேர். இந்த வருடமும் ஏழுதான் என்று வாத்தியார்மார் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்ரோனெற் ஆறாம் வகுப்பிலிருந்து டொக்டர் என்ற ஒரே சொல்லைத்தான் சொல்லி வந்தாள். இப்போது அவள் அந்த எட்டையே விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏழாவது ஆர்?" என்றாள் எடித்.

அவள் கேட்க முதலே எனக்குத் தெரியும்.

சுட்டெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்தால் அதே பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருடைய பெறுபேறும் வந்து நிற்கும். இந்த வசதி தெரியாதவர்கள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு டொமினிக்கின் மனைவி இந்நேரம் எங்கள் வீட்டு எட்டைப் பார்த்துவிட்டு, அயலுக்கு அறிவிக்கப் புறப்பட்டிருப்பாள்.

நான் தில்லைநாதனுடைய மகனின் எண்ணை அடித்தேன்.

ஏழு.

தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் வாத்தியார். அங்கே நல்ல புள்ளி எடுத்த பிள்ளையும் வெளியே நிற்கும். அதைவிடக் குறைந்த புள்ளியோடு இங்கே உள்ளே போகலாம். இது விளங்கிய நாளிலிருந்து அவருக்கு மன்னாரில் திடீர்ப் பாசம். சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவர்களை இந்தத் தீவில் நிறையப் பார்த்திருக்கிறேன். வெட்டுப்புள்ளிக்குப் பயந்து ஓடி வந்த ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

ஓடி வந்தார் என்பதும் சரியில்லை. வந்தது ஒரு துவாய்தான்.

கோயிலுக்குப் பின்னால் பேதுருவின் வீட்டை வாடகைக்கு எடுத்து, கதவைப் பூட்டி, ஆள் இருப்பதாகக் காட்ட முற்றத்துக் கொடியில் ஒரு நீலத் துவாயைப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடமாக அது காய்ந்தது. உப்புக் காற்றில் விறைத்து, வெயிலில் வெளிறி, ஒரு மூலையை ஊர்க் கழுதையும் தின்றுவிட்டது. அந்த வீட்டில் குடியிருந்தது அந்தத் துவாய் மட்டும்தான்.

மகன் திங்கட்கிழமை பஸ்ஸில் வருவான். அன்ரோனெற்றின் பாடசாலை வரவு இடாப்பில் பெயர் விழுந்ததும் செவ்வாய் பின்னேரம் போய்விடுவான். மிச்ச நாளெல்லாம் யாழ்ப்பாணத்தில் ரியூஷன். எங்கள் தண்ணீர் உப்பு என்று போத்தலில் தண்ணீர் கொண்டு வந்து குடித்த பிள்ளை. எங்கள் ஊரில் ஒரு தேத்தண்ணீரில்கூட வாய் வைக்காதவன், இனி எங்கள் மாவட்டத்துப் பெயரில் டொக்டர் ஆவான்.

தகப்பன் அதற்கு மேல். ஒருநாள் இதே மேசைக்கு முன்னால், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "உங்கட தீவில நல்ல காத்து, ஐயா" என்று சொல்லிச் சிரித்தார். காற்றைப் புகழ்கிறவன் எதையோ கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும். அற்ப மனிதர். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

"பெட்டிசம் எழுதப்போறன்" என்றேன். "அந்த வாத்தியின்ர மகன விலத்தினா எங்கட பிள்ளை ஏழுக்கு வருவாள்."

எடித் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து குசினிக்குள் போனாள்.

நான் தாளை எடுத்தேன். வசனம் தானாக வந்தது. மேற்படி மாணவனோ அவனுடைய குடும்பமோ இவ்விடத்தில் ஒரு நாளேனும் வசித்ததில்லை. பூட்டிய கதவைப் பற்றி எழுதினேன். துவாயைப் பற்றியும் விடாமல் எழுதினேன். எழுத எழுத மனம் கொஞ்சம் ஆறியது.

அன்ரோனெற் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று முழுவதையும் வாசித்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவை இஞ்ச இருக்கினம் எண்டு கடிதம் குடுத்த ஆளின்ர பேரையும் எழுதுங்கோ, அப்பா."

சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த முத்திரையை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். கிராம அலுவலர் என்று அதில் இருக்கும். அதன் கீழே என் பெயர் இருக்கும்.

என் கடிதங்களைக் கணினியில் அடித்துத் தருவது அவள்தான். அந்தக் கடிதத்தையும் அவளே அடித்தாள். அடிக்கும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தில்லைநாதன் அன்றைக்குக் கதிரைக்குப் பக்கத்தில் மறந்துபோனவர் மாதிரி விட்டுப்போன பையில், அவளுக்கு இரண்டு வருடத்துக்குமான இரசாயனவியல் நோட்ஸ் இருந்தது.

கையெழுத்துப் போட முதல் நான் நேரில் போய்ப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. கொடியில் துவாய் கிடந்தது.

அப்போது அது புதிது. நல்ல நீலம்.