இடப்பக்கத்துச் செட்டை

இறந்தவர்களின் பூசையில் வாசிக்க என் கணவர் மத்தேயுவின் பெயரைக் கொடுக்கப் போகும் வழியில், வவுனியாச் சந்தையில் அந்தக் கருவாட்டைக் கண்டேன்.

உள்ளங்கை அளவு திலாப்பியா. வயிற்றில் துடுப்புப் போல இருக்கும் இரண்டு செட்டைகளில் இடப்பக்கத்தது இல்லை.

கை தானாகவே அதை எடுத்தது.

முல்லைத்தீவில் கடல்நீர் ஏறும் களப்போரம் எங்களுக்கு மீன் வளர்க்கும் உப்புத்தண்ணீர்க் குட்டைகள் இருந்தன. ஒரு தாயின் குஞ்சுகள் தங்களுக்குள்ளேயே சோடி சேர்ந்தால் பிறகு பிறப்பதெல்லாம் கூனும் குறளும்தான் என்பார் இவர். அதனால் ஒரு குடும்பத்துக்கு இடது செட்டையை வெட்டுவார், மற்றதுக்கு வலது. இடதுக்கு வலதைத்தான் கட்டிவைப்பார். நல்ல சோடிகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்பார்.

மீன்களுக்குக் கோயிலில் கலியாண ஓலை வாசிக்காததுதான் குறை என்று ஊரே சிரித்தது. இந்தக் கூத்து அவரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

நான் ஈரத்துணியில் மீனைப் பிடிப்பேன். அவர் அடியோடு வெட்டுவார். மீன் துள்ளி என் முகமெல்லாம் உப்பாகும். அந்தப் பின்னேரங்கள் எவ்வளவு நல்லவை!

செட்டை இல்லாததின் குஞ்சும் செட்டை இல்லாமல்தானே பிறக்கும், பிறகேன் வருசாவருசம் வெட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“அடி விசரி, உன்ர காதில ஓட்டை கிடக்கெண்டு உன்ர மகள் ஓட்டையோடையே பிறந்தவள்?”

அந்த மகள் ஆன்சலாவின் சத்திரசிகிச்சைக்குத்தான் நானும் அவளும் வவுனியாவுக்கு வந்தோம்; இவர் குட்டைகளோடு நின்றுவிட்டார். பின்னால் பாதையைப் பூட்டிவிட்டார்கள். குட்டையடியில் செல் குண்டு விழுந்தது என்று காட்டுவழியால் வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு வருடமாக ஒரு செய்தியும் இல்லை. மனிதருக்குப் பூட்டிய பாதையால் கருவாடு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

செட்டை இருந்த இடத்தைத் தடவினேன். கருவாட்டுக் கத்தி பட்டதல்ல. உயிரோடு இருந்தபோது வெட்டி, தோல் மூடி ஆறிய இடம்.

“உது முல்லைத்தீவு மீன் அக்கா, இந்த வருசத்துக் குஞ்சுகள். பெரிசு வேணுமோ?” என்றாள் கடைக்கார வீரம்மா.

இந்த வருடத்துக் குஞ்சு. அப்படியானால் வெட்டியதும் இந்த வருடம்தான்.

கோயில் மணி அடித்தது. நான் கருவாட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன்.

போனதும் ஆன்சலாவின் காதை ஒருக்கால் பிடித்துப் பார்க்க வேண்டும்.